மகளுக்குத் தட்டிய இடங்கள்

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. எண்ணெய் போடுவது, கம்பிக்கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, கதவைச் சரிசெய்வது எல்லாம் வேலைதான். ஆனால் போன் அடித்து அவர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவது, யாராவது உள்ளே மாட்டிக்கொண்டு கத்தும்போது மட்டும். மெக்கானிக் என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்து அலுவலகங்களில் அவரைத் தெரியும். கம்பெனிக்குள் அவருக்கு வேறு பெயர் உண்டு, உம்மணாமூஞ்சி. அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவரும் அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. ஏற்கெனவே தூக்கி வைத்த முகம்தானே அது.

வீட்டில் அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து மகள் பேசினாள். ஒரே பெண். செல்லமாக வாலு என்று கூப்பிட ஆரம்பித்து, கல்லூரிக்குப் போன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அவர் வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு எத்தனை பேரை வானத்துலேர்ந்து இறக்குனே?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்வதற்குள் அவளே ஒரு கதை கட்டிச் சொல்லி முடித்துவிடுவாள்.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருபவர்களின் முகத்தில் மூக்குக்கண்ணாடியை மாட்டி, காதோரம் விரல் வைத்துப் பார்த்து, எங்கே அழுத்துகிறது என்று கேட்டு, கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுக்கும் வேலை. எத்தனையோ முகங்களைத் தொட்ட கை. அவள் மாட்டிவிட்டால் கண்ணாடி வழுக்காது என்று வெகுதூரத்திலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருவார்கள்.

வாலுவுக்கு முதலில் இருமல்தான் வந்தது. சளி என்று நினைத்தார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சும்மா உட்கார்ந்திருந்தாலே வாங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள், அதற்குக் காரணமான நோயின் பெயரையும் சொன்னார்கள். அந்தப் பெயரை அவர் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்து நீரை இறக்கினார்கள். இறக்க இறக்க ஊறியது.

நோயைவிட அவளைப் படுத்தியது பயம். மூச்சு கொஞ்சம் முட்டினாலே கண்ணை உருட்டி, கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம்மா... வரல... வரலம்மா..." என்பாள். பயத்தில் இன்னும் வேகமாக மூச்சிழுப்பாள். இழுக்க இழுக்க இன்னும் முட்டும். அவர் நர்ஸைக் கூப்பிட வராந்தாவில் ஓடுவார். அவர் திரும்பி வருவதற்குள் மனைவி பாதி செத்திருப்பாள்.

மூச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் இதைப் பார்த்தார். தடித்த சட்டம் போட்ட கண்ணாடியும் கறாரான பேச்சுமாக நடுத்தர வயதுப் பெண்மணி. வாலுவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து, சுண்டுவிரலுக்குக் கீழே கை ஓரத்தில் தன் விரல்களால் மெல்லத் தட்டினார். பிறகு உச்சந்தலை, புருவம் தொடங்கும் இடம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, தாடை, காறையெலும்புக்குக் கீழே. தட்டும்போதே ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். "எனக்கு மூச்சு முட்டுது, பயமா இருக்கு. இருந்தாலும் நான் என்னை அப்படியே ஏத்துக்கிறேன்."

இரண்டு சுற்று முடிவதற்குள் வாலு கம்பியை விட்டாள்.

அவர் அந்த அம்மாவின் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனார். "தட்டினா சரியாப் போற வியாதியாம்மா இது?"

"இல்லைங்க" என்றார் அந்த அம்மா, நடந்துகொண்டே. "வியாதிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கும். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. உங்க பொண்ணுக்குக் கேக்குது. அவ அம்மாவைக் கத்துக்கச் சொல்லுங்க, நான் எல்லா நேரமும் இங்க இருக்க மாட்டேன்."

மனைவி கற்றுக்கொண்டாள். முகத்தைத் தொட்டே பழகிய கைக்கு அது பெரிய வித்தையாக இல்லை. அன்றிலிருந்து பயம் வரும்போதெல்லாம் அவள் தட்ட, மகள் சொல்வாள். அந்த வாக்கியத்தையும் வாலு விட்டு வைக்கவில்லை. "ஏத்துக்கிறேன்னா என்னம்மா, கல்யாணச் சம்பந்தமா?" என்று சிரித்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு மாற்றினாள். "ஆஸ்பத்திரியில போடுற சோறு வாயில வைக்க முடியல, இருந்தாலும் நான் நல்ல பொண்ணுதான்." "பக்கத்துக் கட்டில் ஆயா குறட்டை விட்டு என்னைக் கொல்லுது, இருந்தாலும் நான் அதை மன்னிக்கிறேன்." ரொம்பவும் முடியாத நாட்களில் மட்டும் வேடிக்கையில்லாமல் சொல்வாள். "நல்லா இல்லை. நல்லா இல்லைன்னாலும் பரவாயில்லை."

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அங்கே வேறு வேலை இல்லை. ஒருமுறை மனைவி குளிக்கப் போயிருந்தபோது வாலு தானாகவே கையை நீட்டி, "நீ தட்டுப்பா" என்றாள். அவர் ஸ்பேனர் பிடிக்கும் விரல்களால் தட்டினார். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ப்பா, நான் உள்ளதான் இருக்கேன், கதவை உடைக்காதே" என்றாள். அவரும் சிரித்தார். ஆனால் கையை எடுத்துக்கொண்டுவிட்டார். பிறகு அவள் எத்தனை கேட்டும் தட்டவில்லை.

அவள் ஒரு காலை நேரத்தில் போனாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அன்று அவளால் எதையும் சொல்ல முடியவில்லை. அம்மாதான் அவளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு தட்டினாள். மூச்சு நின்ற பிறகும் அம்மாவின் விரல்கள் காறையெலும்பின் கீழே தட்டிக்கொண்டே இருந்தன. நர்ஸ் வந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மனைவி யாரையும் தொடவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கட்டிக்கொண்டபோது மரம்போல் நின்றாள். கண்ணாடிக் கடை முதலாளியம்மா இரண்டு தடவை வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். "வர்றேன்க்கா" என்று சொல்வதோடு சரி. ஏன் போகவில்லை என்று அவர் கேட்டதற்கு ஒரே ஒரு முறை பதில் சொன்னாள்: "அங்க எல்லாரும் முகத்தைக் காட்டிக்கிட்டு வந்து உக்காருவாங்க."

ஒரு நாள் அடுப்படியில் அவள் விம்மி விம்மி மூச்சுத் திணறிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்து, அந்தக் கை ஓரத்தில் தட்டப் போனார். நெருப்புப் பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. அது அவளுக்கு."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சே அற்றுப்போனது. அவர் வேலைக்குப் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். அழுகை என்று ஒன்று அவருக்கு வரவில்லை. உறவுக்காரர்கள், "கல்லுளிமங்கன், மகள் போயும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது மட்டும் அவருக்குத் தெரியும். தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு மதியம், வக்கீல் லிஃப்டில் மாட்டினார்.

அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடி முழுக்க வக்கீலின் அலுவலகம். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். மெக்கானிக்கை எப்போது பார்த்தாலும், "என்னய்யா, உன் லிஃப்ட் ஆமை மாதிரி வருது" என்று எரிந்து விழுவார். அன்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏதோ கருகி, லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே அவர் மட்டும். மெக்கானிக் போய்ச் சேர்ந்தபோது வாசல் காவலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ரொம்ப நேரமா கத்திக்கிட்டு இருந்தாருங்க. இப்ப சத்தமே மாறிப்போச்சு."

மொட்டைமாடி மெஷின் ரூமில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் செய்யக் கூடாத வேலை. அவருடைய கூட்டாளி வேறு கட்டடத்திலிருந்து கிளம்பி, வழியில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். மின்சாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு நாலாவது மாடிக்கு இறங்கி வந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தார். கீழே, தரைக்கும் லிஃப்டின் கூரைக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு இடைவெளி. ஆள் வெளியே வர முடியாது. தரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். வக்கீலின் வழுக்கைத் தலை தெரிந்தது. கழுத்துப் பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான்தான். மெக்கானிக். காத்து நல்லா வருது சார், ஒண்ணும் ஆகாது. ஆள் வந்துக்கிட்டே இருக்கான்."

"வரல..." என்றார் வக்கீல். "மூச்சு... வரல..."

குரல்தான் வேறு. அந்த இழுப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வந்த அந்த மூச்சு, கம்பியைப் பிடித்திருந்த பிடி எல்லாம் அப்படியே அதேதான். எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. காவலாளியிடம் விட்டுவிட்டு மெஷின் ரூமுக்குப் போய்விட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாய் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தது.

"சார், ஒரு கையை விடுங்க. கம்பியிலேர்ந்து ஒரு கையை மட்டும் எடுங்க. சுண்டுவிரலுக்குக் கீழ, கை ஓரம் இருக்கில்ல, அங்க இன்னொரு கையால தட்டுங்க."

"என்னய்யா... விளையாடுறியா?"

"தட்டுங்க சார். தட்டிக்கிட்டே நான் சொல்றதைச் சொல்லுங்க. மூச்சு முட்டுது, பயமா இருக்கு, இருந்தாலும் நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா... இல்லையேய்யா!"

"அப்ப அதையே சொல்லுங்க. நல்லா இல்லை. நல்லா இல்லைன்னாலும் பரவாயில்லை."

வக்கீல் சொன்னார். கோர்ட்டில் முழங்கும் குரல் குழந்தைக் குரல் மாதிரி வந்தது. மெக்கானிக் தரையில் படுத்தபடியே, அவருக்குத் தெரிவதற்காகத் தன் தலையிலும் முகத்திலும் தட்டித் தட்டிக் காட்டினார். "இப்ப உச்சந்தலை. இப்ப புருவம். கண்ணோரம் சார், கண்ணுல குத்திக்காதீங்க. மெதுவா. கதவை உடைக்கிற மாதிரி வேண்டாம்." அலுவலகத்து ஆட்கள் சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பரவாயில்லை, பரவாயில்லை என்று கீழிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. மெல்ல மெல்ல அதில் இடைவெளி விழுந்தது. கடைசியில் வக்கீல் நீளமாக ஒரு மூச்சை விட்டுவிட்டு, லிஃப்டின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

கூட்டாளி வந்து சேர்ந்ததும் இருவருமாக மேலே போய் லிஃப்டை மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். வக்கீல் வெளியே வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆட்களை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார்.

"எங்கய்யா கத்துக்கிட்ட இதை?"

"என் பொண்ணுகிட்ட சார்."

"டாக்டருக்குப் படிக்கிறாளா?"

"இல்ல சார்." அவர் கைத்துணியில் எண்ணெயைத் துடைத்தார். "இப்ப அவ இல்ல சார்."

வக்கீல் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மெக்கானிக்கின் தோளில் கையை வைத்துவிட்டு, உள்ளே போனார்.

கருகிய பெட்டியைப் பார்க்க மறுபடி மெஷின் ரூமுக்கு ஏறினார் மெக்கானிக். கூட்டாளி கீழே சாமான் எடுத்துவரப் போயிருந்தார். மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தபோது தொண்டையில் இருந்தது மேலே வந்தது. வாந்தி என்றுதான் நினைத்தார். அழுகை. சத்தம் வராமல் இருக்க எண்ணெய்த் துணியை வாயில் அடைத்துக்கொண்டார். அடங்கவில்லை. கூட்டாளி திரும்பி வந்து வாசலில் நின்றவர், சாமான் பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. அவள் அவருடைய வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்று கேட்டாள். அவ்வளவு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. நடந்ததை அப்படியே ஒப்பித்தார்.

கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. "யாரோ ஒரு வக்கீலுக்கா? அவ சொன்ன வார்த்தையையா? நீங்க பாட்டுக்கு எடுத்துக் குடுத்துட்டு வந்தீங்களா?"

"அந்த ஆளு அவளை மாதிரியே இழுத்தான்மா. எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

"அவ கேட்டப்பல்லாம் நீங்க தட்டல."

அந்தச் சொல் அவருக்கு எங்கே பட்டது என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சொன்ன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. "ஆமா" என்றார். "என் கை முரடுன்னு விட்டுட்டேன். முரடா இருந்தாலும் தட்டியிருக்கலாம்."

பிறகு அவள் திரும்பாமலேயே கேட்டாள்: "எங்கெங்க தட்டச் சொன்னீங்க?"

அவர் வரிசையாகச் சொன்னார். கை ஓரம், உச்சந்தலை, புருவம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழே, உதட்டுக்கு மேலே, தாடை, காறையெலும்பு. "அப்புறம் மறுபடியும் உச்சந்தலை."

"அக்குளுக்குக் கீழ?"

"அங்கயும் ஒண்ணு இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கு, மூச்சுப் பயிற்சிக்கு வந்த அம்மா சொன்னாங்க." அவள் குரல் உடைந்தது. "அவளுக்குத்தான் அங்க குழாய் இருந்துச்சு. வலிக்கும்னு நான் அதை விட்டுட்டுத்தான் தட்டுவேன்."

அவர் பார்த்துப் பார்த்துக் கற்றது மகளுடைய உடம்புக்கென்று ஒன்று குறைத்த வரிசை. அதைத்தான் வக்கீலும் செய்திருக்கிறார். இருவருக்கும் இது ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, மெஷின் ரூமில் அழுததைவிடப் பெரிதாக அழுதார். இப்போது வாயில் துணி இல்லை. மனைவி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர் மூச்சு சிக்கிச் சிக்கி இழுத்தபோது அவளால் நிற்க முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையை முகத்திலிருந்து பிரித்தெடுத்தாள். எண்ணெய்க் கறை ஏறிய அந்தக் கையின் ஓரத்தில் தட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"என்ன சொல்ல?"

"இருக்கிறதைச் சொல்லுங்க."

"என் பொண்ணு போயிட்டா" என்றார் அவர். அதற்கு மேல் வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்ல, அவள் எல்லா இடத்திலும் தட்டினாள். அக்குளுக்குக் கீழேயும் தட்டினாள். அவர் மூச்சு ஒருவழியாகச் சீரானது. தொண்டை கொஞ்சம் விட்டிருந்தது. துக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"உனக்கு நான் தட்டட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க."

"மெதுவாத் தட்டுறேன்."

"அதுக்கில்லை. லேசாயிடுமோன்னு பயமா இருக்கு." அவள் தன் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்தக் கனம்தான் அவளோடதுன்னு எங்கிட்ட மிச்சம் இருக்கு. இதையும் இறக்கி வெச்சுட்டா நான் எதைத் தூக்கிக்கிட்டு இருப்பேன்?"

அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, தனக்குத் தெரிந்த மட்டில் எதையோ சமைத்தார். உப்பு அதிகம். இருவரும் சாப்பிட்டார்கள்.

வெயில் காலம் முடிகிற சமயத்தில் மனைவி கடைக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் பின்னறையில்தான் இருந்தாள். கண்ணாடிச் சில்லைச் சட்டத்துக்குத் தகுந்தாற்போல் தேய்க்கும் மெஷினோடு. முதலாளியம்மா ஒன்றும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு நாள் கடையின் முன்பக்கத்தில் ஆளில்லாமல், அவளே போய் ஒரு ஆசிரியைக்குக் கண்ணாடி மாட்டிவிட வேண்டி வந்தது. காதோரம் கொண்டுபோன விரல் கண்ணோரத்தில் பட்டதும் கை அப்படியே நின்றுவிட்டதாம். "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் தடவையாகத் தன் கையில் தானே தட்டியிருக்கிறாள். பிறகு வந்து, கம்பியை வளைத்து, சரியாக மாட்டிவிட்டாளாம்.

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே இதை அவரிடம் சொன்னாள்.

"லேசாச்சா?" என்று கேட்டார் அவர்.

"இல்லை" என்றாள். "கை மட்டும் நடுங்கல."

மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனவள் அங்கேயே நின்று அழத் தொடங்கினாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். தட்டவில்லை. அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட வேண்டும் என்று இருவருக்கும் தெரியும், அழுது முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள்.